மலை காணாத மலைவண்டிகள்: டயர்த் தேர்வு குறித்துச் சில கருத்துகள்

மலைமிதிவண்டி என்னும் பெயரோடு நம் ஊர்த் தெருக்களில் ஓடுவனவற்றுள் பெரும்பாலானவை மலையைக் கண்டறியாதவை. தனிப்பயிற்சி வகுப்புக்கும் மளிகைக் கடைக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் சென்று திரும்பும் அவ்வண்டிகளில் மலைக்கென்று அமைந்தவை இரண்டே பொருள்கள். முன்கவையில் ஏறியிறங்கும் சுருள்வில் ஒன்று. கட்டை கட்டையாகப் பட்டன் பதித்த டயர் மற்றொன்று. சுருள்வில்லைப் பற்றி வேறு யாரேனும் எழுதட்டும். டயரைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இதுதான்: அது கண்ணால் பார்த்து வாங்கப்படும் அணிகலன் ஆகிவிட்டது. பட்டன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிமானம் என்று இளைஞர்கள் நம்புகின்றனர். கடைக்காரர்களும் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை. விளைவாக, மாணவரும் தொழிலாளரும் தம் சிறுவருவாயைத் தேவையற்ற ரப்பருக்குக் கொடுக்கின்றனர். மழைநாளில் வளைவுகளில் வழுக்கியும் விழுகின்றனர்.

'டயர்' என்றே எழுதுகிறோம். தமிழ் படித்தவர் இவ்வாறு எழுதலாமா என வினவும் அன்பர்கள் பொறுத்தருள்க. உருளிப்பட்டை என்றொரு சொல் உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் கடையில் எதை எடுத்துத் தருவார்களோ அறியோம். பட்டன் டயர், மொட்டை டயர், 'நூல் தெரிந்துவிட்டது' என்னும் தொடர் ஆகியவை பட்டறைகளில் பிறந்து பட்டறைகளிலேயே வாழ்பவை. அவற்றுக்கு நாம் மாற்றுத் தேடவில்லை.

பட்டன் டயர் பிறந்த இடத்தை முதலில் நினைவுகூர்தல் நலம். கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரை அடுத்த மலைச்சரிவில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் மிதிவண்டி இறக்கப் போட்டி ஒன்றை நடத்தினர். பழைய ஷ்வின் வண்டிகள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் சக்கர மையத்தில் உள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து போகும். அடுத்த இறக்கத்துக்கு முன் அதனை மீண்டும் நிரப்பவேண்டும். அதனாலேயே அச்சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், டாம் ரிட்சி முதலியோர் அந்தப் பாதையில் உருவானவர்கள். அப்பாதையோ தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டப்பட்ட மண்பாதை. கோடையில் கணுக்கால் அளவு புழுதி, இடையிடையே சரளை. அங்கே வழவழப்பான டயர் பயன்படாது. தளர்ந்த மண்ணுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ளும் பட்டன்களே வேண்டும். அந்த நிலம் அந்த டயரைக் கேட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டி இடம்பெற்ற பிறகு அவ்வடிவம் உலகெங்கும் பரவியது; டயர் சென்ற இடமெல்லாம் அந்த நிலமும் உடன் சென்றுவிடவில்லை.

பிடிமானம் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் இருவேறு செயல்களை. ஒன்று, ரப்பர் கெட்டியான பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி ஒட்டிக்கொள்வது. தார்ச்சாலையிலும் பாறையிலும் நிகழ்வது இது. இதற்கு மென்மையான ரப்பரும், தரையில் படும் பரப்பு மிகுதியும் வேண்டும். மற்றொன்று, டயரில் எழும்பி நிற்கும் பட்டன் மண்ணுக்குள் குத்தி இறங்கிப் பல்சக்கரம்போலப் பற்றுவது. இதற்குத் தரை இளகியிருக்கவேண்டும். தார்ச்சாலைக்குள் எந்தப் பட்டனும் இறங்காது. அங்கே அது தன் நுனியில் நிற்கிறது. பட்டன்களுக்கு இடைப்பட்ட வெளியெல்லாம் காற்று. வளைவில் வண்டி சாயும்போது உயரமான பட்டன்கள் வேரில் மடங்குகின்றன. ஓட்டுபவருக்குச் சக்கரம் காலடியில் நெளிவதுபோலத் தோன்றும். 'உர்ர்' என்று சாலையில் எழும் அந்த ஓசை இளைஞர்களுக்குப் பிடிக்கிறது. அவ்வோசைக்கான ஆற்றலும் தம் தொடையிலிருந்தே செல்கிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

'மழையில் மொட்டை டயர் நீர்மேல் மிதந்து வழுக்காதா?' என்பது உடனே எழும் வினா. மகிழுந்துக்குப் பொருந்தும் இந்த அச்சம் மிதிவண்டிக்குப் பொருந்தாது. வானூர்திச் சக்கரங்களை ஆய்ந்து நாசா பொறியாளர் ஹோர்ன் தந்த வாய்பாடு எளியது: டயரின் காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயருக்குக் கணக்கிட்டால் 54 நாட். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். மிதிவண்டி டயர் குறுகியது, தரையில் படும் பகுதி நீரைப் பிளந்து செல்லும் வடிவினது. ஆதலால் உண்மை வேகம் அதனினும் கூடும். எவர் அவ்வேகத்தில் மிதிக்கப்போகிறார்? மிதிவண்டிச் சக்கரம் பற்றி 1981-இல் நூலெழுதிய ஜோப்ஸ்ட் பிராண்ட், சாலைக்கு வழவழப்பான டயரே ஏற்றது என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவரது பக்கமே நாமும் நிற்கிறோம்.

நம் மலைகளுக்குச் செல்வோரும் இதைக் கருதவேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைச் சாலையில் 40. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. இவை அனைத்தும் தார் போட்டவை. விடுமுறை நாட்களில் இம்மலைகளை மிதித்தேறும் இளைஞர் குழுக்களை இன்று மிகுதியாகக் காண்கிறோம், பெருமையாகவும் இருக்கிறது. ஆயினும் ஏறும்போது தேவையற்ற சுமையாகவும், இறங்கும்போது வளைவில் நெளியும் இடராகவும் உடன்வருவது அந்தப் பட்டன் டயர்தான். பெயரில் மலை இருப்பதால் மலைச்சாலைக்கு உகந்தது எனக் கொள்வது பிழை.

மண்பாதையில் மெய்யாகவே ஓட்டுவோர் நிலை வேறு. தமிழாசிரியர்களுக்கு நிலத்தை ஐந்தாகப் பிரிக்கும் பழக்கம் உண்டு. டயர் வாங்குவோருக்கும் அது பயன்படும் என்பது எம் எண்ணம். கோடையில் இறுகிய செம்மண் பாதையின் மேல் உருண்டு கிடக்கும் பொடிச்சரளை மிகவும் ஏமாற்றுவது. அங்கே நடுவில் நெருக்கமாகவும் தாழ்வாகவும், ஓரங்களில் உயரமாகவும் உறுதியாகவும் பட்டன் உள்ள டயர் நன்று. நேரே செல்லும்போது இலகுவாக உருளும். சாயும்போது ஓரப் பட்டன் சரளையை விலக்கி அடிமண்ணைத் தொடும். மழை பெய்த செம்மண்ணுக்குப் பட்டன்களிடையே இடைவெளி வேண்டும். இல்லையேல் மண் அப்பிக்கொண்டு பட்டன் இருந்தும் மொட்டை டயர் ஆகிவிடும். ஈரப்பாறையும் மரவேரும் குறுக்கிடும் தோட்டப் பாதைகளில் பட்டனின் உயரத்தைவிட ரப்பரின் மென்மையே காப்பாற்றும்.

கரிசல் மண்ணுக்கு? மழைக்காலக் கரிசலுக்கு எந்த நிறுவனமும் டயர் செய்யவில்லை, செய்யவும் முடியாது. பத்தடி செல்வதற்குள் மண் உருண்டு திரண்டு கவைக்கும் சக்கரத்துக்கும் இடையில் அடைத்து, வண்டியை நிறுத்திவிடும். இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதே அங்கே அறிவுடைமை. விருதுநகர்ப் பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி முன்சக்கரமும் பின்சக்கரமும். இரண்டுக்கும் ஒரே டயரை வாங்குவது நம் வழக்கம். கடையில் இணையாகவே எடுத்து வைப்பர். இரண்டின் கடமையும் ஒன்றன்று. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும். பெரும்பாலும் காலூன்றித் தப்பலாம். முன்சக்கரம் வழுக்கினால் எண்ணவே நேரமிராது. கழுத்துப்பட்டை எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். தேய்வதோ தலைகீழ். உடலெடையில் பாதிக்கு மேல் தாங்குவதும், மிதிக்கும் விசையைத் தரைக்குக் கடத்துவதும் பின்சக்கரமே. ஆகவே அது வெகுவிரைவில் தேயும். எனவே மென்மையான, விலைகூடிய, பிடிமானமுள்ள டயரை முன்னே போடுக. கெட்டியான, மலிவான டயரைப் பின்னே போடுக. கையில் உள்ள பணம் ஒரு நல்ல டயருக்கே போதுமெனில் அது முன்சக்கரத்துக்கே உரியது. பின்டயர் தேய்ந்ததும் அதை முன்னுக்கு மாற்றிப்போடும் சிக்கனம் பலரிடம் உண்டு; இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. முன்னே ஓடியதைப் பின்னுக்குத் தள்ளி, புதியதை முன்னே போடுவதே முறை. மிதிவண்டித் தொழில்நுட்பத்தை எளிய நடையில் எழுதிப் பலரைக் கைதூக்கிவிட்ட, 2008-இல் மறைந்த ஷெல்டன் பிரவுன் வலியுறுத்தியதும் இதுவே.

மென்மை, கெட்டி என்கிறோமே, அதை அளக்க இயலுமா? இயலும். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் அளவுகோலால் குறிப்பர். 42 முதல் 50 வரை மென்மையானது; கீழிறங்கும் போட்டிகளுக்கு உரியது. 60-ஐ ஒட்டியது இடைநிலை. அதற்கு மேல் சென்றால் நெடுநாள் உழைக்கும், ஈரப்பாறையில் கைவிடும். ஷ்வால்பே நிறுவனம் தன் ஆடிக்ஸ் வகை ரப்பர்க் கலவைகளை வண்ணக்கோட்டால் வேறுபடுத்துகிறது: சிவப்பு விரைவுக்கு, நீலம் நடுநிலைக்கு, ஆரஞ்சு மென்மைக்கு, ஊதா மிகுமென்மைக்கு. மேக்சிஸ் நிறுவனத்தில் மேக்ஸ்டெரா நடுநிலை, மேக்ஸ்கிரிப் மிகுமென்மை. ஒரே டயரில் அடியில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மென்மையானதும் சேர்த்து வார்ப்பதும் உண்டு. இருவகைத் தேவையையும் ஓரளவு நிறைவேற்றுவதால் அதற்கே விலை மிகுதி. நம் நாட்டு டயர்களில் இத்தகைய குறிப்பைக் காண்பது அரிது. ஆதலால் நகத்தால் அழுத்திப் பார்ப்பதே வழி. நகம் சற்றே அமுங்கி மீண்டால் நன்று. பிளாஸ்டிக்குபோல் இறுகியிருந்தால் நெடுநாள் கடையில் வெயில் பட்டுக் கிடந்ததோ என ஐயுறுக. டயரின் பக்கவாட்டை மடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அப்படிப்பட்டது பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டா. சிவப்பு, மஞ்சள் என வண்ணத்தில் வரும் டயர்களையும் நாம் பரிந்துரைப்பதில்லை. டயர் கருப்பாயிருப்பது கரித்தூளால். ரப்பரைத் தேய்மானத்திலிருந்து காப்பதும் அக்கரித்தூளே.

உழைப்பு என்பது தேய்வதை மட்டும் குறிக்காது. நம் நிலத்தில் டயரைக் கொல்வது பெரும்பாலும் முள். சீமைக்கருவேல முள் விரல்நீளம் இருக்கும். எந்தப் பட்டன் உயரமும் அதைத் தடுக்காது. நெருஞ்சி மற்றொரு வகை. அமெரிக்கத் தென்மேற்கில் மலைமிதிவண்டிக்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயரிட்டு அஞ்சும் முள், நம் நெருஞ்சியேதான்; தாவரவியலில் இரண்டும் ஒன்று. கண்ணுக்கினிய மஞ்சள் பூவைக் காட்டிப் பின் முள்ளைத் தரும் அதன் இயல்பைக் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் உவமையாக்கியிருக்கிறார். அவர் குறித்தது தலைவனை. நமக்கு டியூப்பு நினைவுக்கு வருகிறது!

நெருஞ்சிக்கு எதிராகச் சிறந்த காவல் சீலன்ட் என்னும் ரப்பர்ப்பால் கரைசல். சிறுதுளைகளை அது உடனே அடைத்துவிடும். 1999-இல் மாவிக் நிறுவனம் முறைப்படுத்திய டியூப்பில்லா ரிம் உடையோர்க்கு இது இன்றியமையாதது. நம் வெயிலில் அக்கரைசல் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறவாது நிரப்பவேண்டும். இதற்கெனத் தனி ரிம், தனி வால்வு, தனி டயர் என்று செலவு பெருகுவதால் நகரத்துக்குள் ஓட்டுவோர்க்கு இதனை நாம் வற்புறுத்தமாட்டோம். உள்ளே பட்டை பதித்த, முள் தாங்கும் டயர் அவர்களுக்குப் போதும். சற்று எடை கூடும், அவ்வளவே. டயரின் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதையும் சில நிறுவனங்கள் அச்சிடுகின்றன. 120 என்றால் மெல்லிய நூல். இலகுவாக வளையும், எளிதில் கிழியும். 60 என்றால் தடித்த நூல். கல்லும் முள்ளும் நிறைந்த பாதைக்கு இதுவே பொருத்தம். எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று கருதி 120-ஐ வாங்கிச் சரளையில் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டவர் பலர்.

விலைக்கு வருவோம். அயல்நாட்டு டயர் ஒன்றின் விலையில் லூதியானாவின் ரால்சன், மெட்ரோ, ஐதராபாத்தின் ஹார்ட்டெக்ஸ் போன்ற நம் நாட்டு டயர்கள் பலவற்றை வாங்கலாம். இதைக்கொண்டு ஒரு சாரார் அயல்நாட்டுச் சரக்கே மேல் என்கின்றனர். மற்றொரு சாரார் 'டயர் எல்லாம் டயர்தானே' என்கின்றனர். இருவரும் கணக்குப் போடுவதில்லை. விலையை ஓடும் தொலைவால் வகுத்துப் பார்க்கவேண்டும். 600 ரூபாய் டயர் 2,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 30 காசு. 4,000 ரூபாய் டயர் 5,000 கிலோமீட்டர் ஓடினால் 80 காசு. மலைச்சரிவில் உயிரோடு விளையாடுவோர்க்கு அந்த 50 காசு வேறுபாடு பெரிதன்று. முன்சக்கரத்துக்கு மனமுவந்து கொடுக்கலாம். நாள்தோறும் தார்ச்சாலையில் ஓட்டுவோர்க்கு அது வீண். மடித்து வைக்கத்தக்க டயருக்கும் கம்பி வைத்த டயருக்கும் உள்ள விலை வேறுபாடும் இவ்வாறே. மடங்குவதால் எடை சற்றுக் குறையும், பிடிமானம் கூடுவதில்லை.

எம் மாணவர் ஒருவர் மாலை நேரங்களில் மிதிவண்டியில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கிறார். ஐந்து மாதத்தில் அவரது பின்டயரின் நடுப்பட்டன்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. ஓரப் பட்டன்களோ வார்ப்பில் வந்த மயிர்முள் கூட உதிராமல் புதிதாகவே இருந்தன. அவர் ஒருநாளும் தொடாத ரப்பருக்கு விலை கொடுத்திருந்தார், அதை நாள்தோறும் சுமந்தும் சென்றிருந்தார். கடையில் அதைவிடப் பெரிய பட்டன் வைத்த அயல்நாட்டு டயரை வாங்கச் சொல்லியிருந்தனர். 1.75 அங்குல அகலத்தில் நடுவில் தொடர்ச்சியான பட்டையுள்ள டயரைப் போடுமாறு நாம் சொன்னபோது, "ஐயா, மொட்டை டயர் போட்டா பசங்க சிரிப்பாங்கய்யா" என்றார். அந்த விடையை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. இருபது வயதில் நண்பர்கள் சிரிப்பது சிறிய செய்தியன்று. பின்சக்கரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்வதாக முடிவாயிற்று. ஒரு வாரம் கழித்து, அதே தொலைவுக்குக் கால்வலி குறைந்திருப்பதாகச் சொன்னார். முன்சக்கரத்தில் பட்டன் இன்னும் இருக்கிறது. பசங்களும் சிரிக்கவில்லை போலும்.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. '26 இன்ச் டயர்' என்று மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. பழைய மலைவண்டியின் 26-க்கு ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26×1⅜ என்பதற்கு 590. 26×1½ என்பதற்கு 584. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பதின்மமாக எழுதியதும் பின்னமாக எழுதியதும் கணக்கில் சமமாயினும் டயரில் சமமல்ல என்பதை ஷெல்டன் பிரவுன் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். புதுமையென விற்கப்படும் 27.5 என்பதும் அதே 584-தான். 29 என்பது 622. டயரின் பக்கவாட்டில் 54-559 என்பதுபோல் இரட்டை எண் இருக்கும். முன்னது அகலம், பின்னது விட்டம். அந்தப் பின்னெண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க.

எல்லாவற்றுக்கும் முன்னர்ச் செய்யவேண்டியதும், காசு செலவில்லாததும் காற்றின் அளவைச் சரிசெய்தல். பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடைக்கவேண்டும் என்னும் கட்டளை அதில் இல்லை. நம் ஊரில் கல்போல் இறுக அடிப்பதே நல்ல காற்று. மண்பாதையில் அப்படி அடித்த டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் துள்ளும். துள்ளும் கணத்தில் பிடிமானம் ஏது? 65 கிலோ எடையுள்ளவர் 2.1 அங்குல டயருக்குத் தார்ச்சாலையில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ., மண்பாதையில் 28 முதல் 32 வைத்துத் தொடங்கலாம். முன்சக்கரத்துக்கு இரண்டு மூன்று குறைவாக. மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம் டியூப்பைக் கடித்துப் பாம்புக் கடிபோல் இரட்டைத் துளையிடும். அவ்வாறு நேர்ந்தால் சற்று ஏற்றிக்கொள்க. அளவுகாட்டியுள்ள பம்பு ஒன்று வாங்கிவிட்டு, ஒரு மாதம் வெவ்வேறு அளவில் ஓட்டிப் பார்த்தபின் டயர் மாற்றுவது பற்றி முடிவு செய்யலாம். பலருக்குப் பழைய டயரே போதுமானதாக இருக்கும்.

வண்டி செய்வோரிடம் ஒரு கோரிக்கை. அம்பத்தூரிலும் லூதியானாவிலும் இலட்சக்கணக்கில் மிதிவண்டி செய்யத் தெரிந்தவர்களுக்கு, சாலை டயர், மண் டயர் என இரண்டு தெரிவுகளை அளிப்பது அரிய செயலன்று. வண்ணத்துக்கு நான்கு தெரிவு தருகிறார்கள். அதுவரை வாங்குவோரே கேட்டுப் பெறவேண்டும். அதுவும் பில் போடுவதற்கு முன்பே. வண்டி ஒருநாள் தெருவில் ஓடிவிட்டால் அந்தப் பட்டன் டயரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார்.